வெயிட் போடக்கூடாது

பிப்ரவரி 3, 2025
வீக்கம் வற்ற ஒன்பது நாள் காத்திருந்து, முந்தாநாள் ஆபரேஷன். பாகலூர் ரோட்டில் ஸ்கூட்டியோடு விழுந்ததில் வலது முட்டிக்குக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டது. இரண்டு பக்கமும் பிளேட், பதினோரு ஸ்க்ரூ. கம்பெனியில் ஸ்க்ரூ முடுக்குவதுதான் என் வேலை, இப்போது எனக்கே முடுக்கிவிட்டார்கள். எட்டு மணி நேரம் நின்றபடி செய்கிற வேலை. ஜூனுக்குள் நிற்க முடியாவிட்டால் வேறு ஆள் எடுத்துவிடுவார்கள். அந்த ஒரு பயம்தான்.

பிப்ரவரி 7
டிஸ்சார்ஜ். டாக்டர் கன்னடக்காரர், தமிழை அளந்து பேசுகிறார். "மூணு மாசம் வெயிட் போடக்கூடாதும்மா." சரி என்றேன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஊதுகிற உடம்பு.

பிப்ரவரி 20
ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். "படுத்தே கெடந்தா உடம்பு வெச்சிரும், எந்திரி" என்று என் வீட்டுக்காரர் வெள்ளைச்சாமி தினமும் வாக்கரோடு நடக்கவைக்கிறார். காலை ஊன்றினால் உயிர் போகிறது. வலிக்காமல் எப்படி ஆறும்?

மார்ச் 9
இரண்டு கிலோ குறைந்திருக்கிறேன். முட்டிதான் உள்பக்கம் சாய்ந்த மாதிரி — பிரமையோ?

மார்ச் 21
செக்கப். டாக்டர் எக்ஸ்ரேயை வெகுநேரம் பார்த்தார்.
"நடந்தீங்களா?"
"தினமும் சார். நீங்கதான வெயிட் போடக்கூடாதுன்னீங்க. மூணு கிலோ கொறச்சிருக்கேன்."
பேனாவைக் கீழே வைத்தார். "கால்லம்மா. கால்ல வெயிட் போடக்கூடாதுன்னேன். ஊனக்கூடாது."
தூக்கி நிறுத்திய எலும்பு அமுங்கிவிட்டது. மறுபடி ஆபரேஷன். அப்படியும் முட்டி பழையபடி வராதாம். செயற்கை மூட்டு வைக்க வயது பத்தாதாம். முப்பத்திநாலு.

பட்டினி கெடந்து, பல்லக் கடிச்சிக்கிட்டு நடந்து, நானே ஒடச்சிருக்கேன். அந்தாளு ஒரு வார்த்த சேத்துச் சொல்லியிருக்கக்கூடாதா? நானாச்சும் கேட்டேனா?

மார்ச் 22
வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. "நாந்தான நடக்கவெச்சேன்" என்கிறார். தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

ஜூன் 12
இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகும் முட்டி பாதிதான் மடங்குகிறது. பத்து நிமிடம் நின்றால் வீங்குகிறது. இனி இதுதான் போல.

ஜூன் 30
மோகனப்ரியா என்று ஒரு பெண் போன் செய்தாள். லைனில் என் இடத்தில் இப்போது அவள்தான். "அக்கா, சாயங்காலமானா காலு மரத்துப்போவுது. நீங்க எப்பிடி நின்னீங்க?"
பெஞ்சுக்கு அடியில், இடது ஓரமாக ஒரு கம்பி இருக்கிறது. சூப்பர்வைசருக்குத் தெரியாமல் ஒரு காலை அதன்மேல் வைத்துக்கொள்ளலாம். ஏழு வருடமாக ஒருத்தரிடமும் சொன்னதில்லை. அவளிடம் சொல்லிவிட்டேன்.