கொடியேறிய பிறகு கண்ணில் வந்த நுளம்புகள்

நேற்றுப் பின்னேரம் முழுவதும் உன் கறுப்புக் கண்ணாடி என் மூக்கின் மேல் இருந்தது. உன் முகம் அகலம். எனக்கு அது நழுவி நழுவி விழுந்தது. இன்று காலை அதைத் துடைத்து மேசையில் வைத்தபோது, காதுப் பிடியில் நீ சுற்றிய நீல நூல் இன்னும் அவிழாமல் இருப்பதைக் கண்டேன். உடனே உனக்கு எழுதவேண்டும் போல் இருந்தது. என் வழக்கப்படி முதலில் தலைப்புகளைச் சொல்லிவிடுகிறேன்.

1. கண்ணுக்குள் மிதக்கும் பூச்சிகளோடு நான் எப்படிக் காலம் தள்ளுகிறேன் என்பது.
2. எப்போது அவற்றைப் பொருட்படுத்தாமல் விடலாம், எப்போது அன்றைக்கே டொக்டரிடம் ஓடவேண்டும் என்பது.
3. நீ பயம் அறியாதவன், நான் பயந்தவன் என்பது.

நீ இருந்திருந்தால் இந்த இடத்தில் சிரித்திருப்பாய். கோயில் மண்டபத்தில் நீ புராணம் படிக்க, பக்கத்தில் இருந்து நான் பாட்டுக்குப் பொருள் விரித்துப் பயன் சொன்ன காலமெல்லாம் அப்படித்தான் சிரித்தாய். நீ பாட்டை இழுத்துப் பாடி நிறுத்துவாய். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்தப் பாட்டிலே மூன்று செய்திகள் உண்டு என்று தொடங்குவேன். "மச்சான், நீ பயன் சொல்லுறியோ, கந்தோரிலை அறிக்கை வாசிக்கிறியோ?" என்று ஒலிவாங்கிக்கு எட்டாத குரலில் கேட்பாய். எனக்கு அடுத்த சொல் மறந்துபோகும்.

என் கண்ணில் இருந்ததை முதலில் கண்டுபிடித்தவனும் நீதான். மண்டபத்து வெள்ளைச் சுவரைப் பார்த்துப் பயன் சொல்லிக்கொண்டிருந்தவன், பேச்சின் நடுவே கொசு விரட்டுவது போல் கையை வீசினேன். சற்று நேரத்தில் மறுபடியும் வீசினேன். படிப்பு முடிந்ததும் கேட்டாய்.

"என்னடாப்பா, இல்லாத நுளம்பை அடிக்கிறாய்?"

"உனக்குத் தெரியேல்லையே? உந்தச் சுவரிலை பறக்குது."

"சுவரிலை ஒண்டுமில்லை. உன்ரை மண்டைக்குள்ளைதான் பறக்குது."

நான் பயந்துபோய் அந்தக் கிழமையே கண் டொக்டரிடம் போனேன். கண்ணுக்குள் இருக்கும் ஜெலி போன்ற பொருள் வயதோடு கலங்குகிறது, அதில் திரளும் துகள்களின் நிழலைத்தான் நான் காண்கிறேன், அதற்கு மருந்து தேவையில்லை, பழகிவிடும் என்றார். உன்னிடம் வந்து சொன்னேன். நீ நெடுநேரம் சிரித்தாய். அன்று முதல் என்னைக் காணும் காலைகளில் நீ கேட்கும் முதல் கேள்வி, "நுளம்புகள் சுகமோ?" என்பதுதான்.

பழகித்தான் போயிற்று. முடிச்சு விழுந்த நூல் போல ஒன்று, தவளைக் குஞ்சான வாற்பேத்தை போல ஒன்று. பார்வையைத் திருப்பினால் அவையும் திரும்பும். நிறுத்தினால் மெல்லக் கீழே இறங்கும். துரத்திப் பார்க்கக் கூடாது என்பதை நானாகவே கற்றுக்கொண்டேன். வாசிக்கும்போது சொல்லின் மேல் வந்து நின்றால், கண்ணை ஒருமுறை மேலும் கீழும் ஓட்டிவிட்டுத் தொடர்வேன். வெயிலில் தொப்பி போட்டுக்கொள்வேன். பல நாட்களில் அவை இருப்பதே நினைவில் இருக்காது. நீ கேட்டால்தான் தேடிப் பார்ப்பேன்.

இரண்டாவது தலைப்புக்கு வருகிறேன். இதை எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் இது உன்னுடைய கண்ணைப் பற்றியது.

ஒரு வருடத் திருவிழாவில் கொடியேறி இரண்டு நாள் போயிருக்கும். வீதியில் சாமி தூக்கும் ஆட்களைப் பார்த்தபடி நின்றபோது, உன் வலது கண்ணின் ஓரத்தில் மின்னுகிறது என்றாய். "எனக்கு மட்டும் தனியா வாணம் விடுறாங்கள், மச்சான்" என்று சிரித்தாய். அடுத்த நாள் கரித்தூள் கொட்டினது போல் பூச்சிகள் வந்தன என்றாய். "உன்ரை நுளம்பு எனக்கும் தொத்தியிட்டுது." அதற்கும் சிரித்தாய். அதற்குப் பிறகு மூக்கோரத்தில் இருந்து கறுப்புத் திரை ஒன்று விழத் தொடங்கியது. அப்போது நீ சிரிக்கவில்லை. நான் கெஞ்சினேன்.

"வாடா, பட்டினத்துக்குப் போவம். காட்டிப்போட்டு வருவம்."

"போனா ஆசுபத்திரி வாட்டிலை படுக்கச் சொல்லி மறிச்சுப்போடுவாங்கள். கொடி ஏறினாப் பிறகு வெளியூரிலை படுக்கக் கூடாது எண்டு உனக்குத் தெரியாதே?"

"கண்ணடா."

"கண்ணைத் தந்தவர் உள்ளுக்கை இருக்கிறார். தீர்த்தம் முடியட்டும்."

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. எங்கள் ஊரில் யாரும் வற்புறுத்தியிருக்கமாட்டார்கள். உன்னுடைய பக்தியின் முன்னே என்னுடைய பயம் சின்னத்தனமாகத் தெரிந்தது. தீர்த்தமும் முடிந்து, கொடியும் இறங்கிய மறுநாள் நீ போனாய். விழித்திரை கழன்று பல நாளாகிவிட்டது என்றார்கள். ஒப்பரேசன் செய்தும் அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் மிஞ்சியது. பிறகு இந்தக் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, புத்தகத்தை இடப்பக்கம் சரித்து வைத்து, முன்னைப் போலவே இழுத்துப் படித்தாய்.

போன மாரியில் உன் இருதயம் நின்றது. அதற்குப் பிறகு படிப்பையும் பயனையும் என்னிடமே விட்டிருக்கிறார்கள். என் குரல் உனக்குத் தெரியும். ஆட்கள் பொறுமையாகக் கேட்கிறார்கள்.

இந்த வருடக் கொடி முந்தநாள் ஏறியது. நேற்றுக் காலை குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். புதிதாக வெள்ளையடித்த வெளிச்சுவர் வெயிலில் பளபளத்தது. அதைப் பார்த்த மாத்திரத்தில் இடது கண்ணில் எதுவோ உடைந்து சிதறியது போல் இருந்தது. என் பழைய நூலும் வாற்பேத்தையும் இல்லை இவை. கரித்தூள். தலையைத் திருப்பியபோது ஓரத்தில் வில் போல ஒரு மின்னல்.

நான் வீட்டுக்குத் திரும்பி, ஒவ்வொரு கண்ணாகப் பொத்தி யன்னல் கம்பிகளைப் பார்த்தேன். கம்பிகள் நேராகத்தான் தெரிந்தன. திரை ஏதும் இல்லை. அப்படியென்றால் பொறுக்கலாமோ என்று ஒரு மனம். கரித்தூள் என்று நீ சொன்ன சொல் இன்னொரு மனத்தில். பின்னேரம் படிப்பு இருந்தது. வாட்டில் மறித்துவிட்டால்? கொடியேறிய பிறகு வெளியே படுத்தான் என்று ஊர் சொன்னால்? கண் போனால் புத்தகமும் போய்விடும், புத்தகம் போனால் எனக்கு இந்த ஊரில் என்ன வேலை என்றும் நினைத்தேன். முடிவெடுக்க முடியாமல் உன் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், ஒன்றுமில்லை என்று யாராவது சொல்லமாட்டார்களா என்றுதான் போனேன்.

உன் மனைவி சரசு முற்றத்தில் பூப் பறித்துக்கொண்டிருந்தாள். நான் முழுவதும் சொல்லி முடிக்கவில்லை.

"மின்னுதோ, அண்ணை?"

"ஓம், தங்கச்சி. ஆனா கம்பியள் நேராத்தான் தெரியுது. அதாலை நான் யோசிக்கிறன்..."

"யோசிச்சது காணும். வெளிக்கிடுங்கோ."

"கொடி ஏறியிட்டுதெல்லே?"

"கொடி தன்ரை பாட்டிலை நிக்கும். நீங்கள் ஓட்டோவிலை ஏறுங்கோ."

பூக்கூடையைப் படியில் வைத்துவிட்டு அவளும் ஏறினாள். உரும்பிராய்ச் சந்தி தாண்டும் வரைக்கும் நான் திரும்பிக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே போனேன்.

டொக்டர் வயதில் இளம்பிள்ளைதான். கண்ணில் துளிகள் விட்டு, கண்மணி விரியும் மட்டும் இருக்க வைத்து, பிறகு வெளிச்சத்தைப் பாய்ச்சி மேலே பார், கீழே பார் என்று நெடுநேரம் பார்த்தார். சரசு கதவோரத்தில் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நின்றாள்.

"ஐயா, கிழிசல் ஒண்டுமில்லை" என்றார் டொக்டர். "ஜெலி விழித்திரையிலை இருந்து கழண்டிருக்கு. அதுதான் தூள் மாதிரியும் மின்னல் மாதிரியும் தெரிஞ்சது. வயசுக்கு வாறதுதான்."

"அப்ப நான் தேவையில்லாமல் வந்து உங்களைக் கரைச்சல்படுத்திப் போட்டன்."

"இல்லை ஐயா, வந்ததுதான் சரி. கிழிசல் இருக்கோ இல்லையோ எண்டு உள்ளுக்குப் பாக்காமல் எங்களுக்கே தெரியாது. கிழிசல் இருந்திருந்தா இண்டைக்கே லேசர் அடிச்சு மூடியிருப்பன். ஒரு மாதத்தாலை திரும்ப வந்து காட்டுங்கோ. அதுக்கிடையிலை புதுசாக் கூடக் கொட்டினா, மின்னல் கூடினா, திரை விழுந்தா, பார்வை மங்கினா, அண்டைக்கே ஓடி வாங்கோ. நல்ல நாள் பாக்கிறதில்லை."

வாட்டில் மறிக்கவில்லை. வெளியே வந்தபோது விரிந்த கண்ணுக்கு உலகமெல்லாம் வெயில். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சரசு கைப்பையைத் திறந்து உன் கண்ணாடியை எடுத்து நீட்டினாள். அதை எங்கே போனாலும் கொண்டு திரிகிறாள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. சந்தோசத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நனைந்தது. துளி மருந்து என்று சொன்னேன்.

திரும்பி வரும்போது நான் ஏதோ நல்ல வார்த்தை சொல்வதாக நினைத்து, "அவன் கொடிக்காகப் பொறுத்தவன். எனக்கு அந்தத் துணிவு இல்லை" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கொடியோ? ஆர் சொன்னது?"

"அவன்தான்."

"அவருக்குப் பயம், அண்ணை. கண்ணுக்குள்ளை கத்தி வைப்பாங்கள் எண்டு சாமியறையைச் சாத்திப்போட்டு அழுதவர். நான் கையைப் பிடிச்சு இழுத்தும் வரேல்லை. 'உவனுக்குச் சொல்லிப்போடாதை. உவன் என்னைப் பாத்துத்தான் தைரியமா மைக்குக்கு முன்னாலை இருக்கிறான்' எண்டார்."

சந்தியில் இறங்கும்போது, "கண்ணாடியை வைச்சிருங்கோ" என்றாள்.

நேற்றுப் பின்னேரம் அதைப் போட்டுக்கொண்டே மண்டபத்தில் இருந்தேன். விரிந்த கண்ணுக்கு எழுத்துத் தெரியவில்லை. நீ அடிக்கடி படித்த பாட்டு ஒன்றை மனத்தில் இருந்து சொன்னேன். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டேன். உனக்கும் உள்ளே நடுங்கியிருக்கிறது, நீ அதை இழுத்துப் பாடி மறைத்திருக்கிறாய் என்று நினைக்க, பக்கத்தில் நீ வந்து இருந்தது போல் இருந்தது.

நுளம்புகள் சுகம், மச்சான். புதிதாக வந்தவையும் சுகம். மின்னல் குறைந்திருக்கிறது. நீ பயம் அறியாதவன் என்று மேலே எழுதிய மூன்றாவது தலைப்புப் பிழை.