பஞ்சாரத்துக்கு ஏது கதவு

அன்புத் தாமரைக்கு,

மஸ்கட்டில் நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா? அம்மா ஒழுங்காக மாத்திரை போடுகிறதா?

காளவாசல் கடைக்காரர் கோழி கவிழ்க்கும் பஞ்சாரத்தைக் கம்பியில் பின்னித் தரச் சொல்கிறார் என்றாய். வேண்டாம். நம்மூர் வெயிலில் கம்பி கொதிக்கும், கோழி தாங்காது. மூங்கிலிலேயே பின்னு. விலை சொல்லும்போது உன் கூலியையும் சேர்த்துச் சொல். நீ ஒன்றும் விளையாட்டுக்குப் பின்னவில்லை.

இங்கே ஒரு வேடிக்கை. முதலாளி கோழிக்கூண்டு செய்யச் சொன்னார். கம்பியை வளைக்க வளைக்க, நீ வாசலில் மூங்கில் சீவும் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. முடித்துப் பார்த்தால், கவிழ்த்த கூடை மாதிரி உருண்டையாக நிற்கிறது. முதலாளி அதைச் சுற்றிச் சுற்றி வந்து கதவைத் தேடினார். கூட வேலை பார்க்கும் சோழவந்தான் சூரியபிரகாஷ் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அண்ணே, பஞ்சாரமுல்ல செஞ்சிருக்கீக! இதுக்கு ஏது கதவு? காலையில தூக்கிவிட வேண்டியதுதான்!"

முதலாளியும் சிரித்துவிட்டார், பயப்படாதே.

சூரியபிரகாஷ் அடுத்த மாதம் ஊருக்கு வாரான். நீ சீவிய மூங்கிலில் ஒரு சாண் அவனிடம் கொடுத்துவிடு. எதற்கென்று கேட்காதே.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. என் அறைக்குக் கதவு இருக்கிறது தாமரை, சாவியும் என்னிடம்தான். ஆனாலும் பஞ்சாரத்துக் கோழி மாதிரிதான் கிடக்கிறேன்; காலையில் தூக்கிவிடும் கை அங்கே உன்னிடம்தான் இருக்கிறது.

உன்
சோணை