பொண்ணு மாதிரி

4 பிப்ரவரி 2025

மையம் திறந்து இன்றோடு ஒரு வருடம். யாருக்கும் நினைவில்லை. எனக்கே மத்தியானம்தான் நினைவு வந்தது.

வில்லியனூரில் செல்போன் கடைக்கு மேலே ஓர் அறை. மேசை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி. சுவரில் ஒரு தட்டி: வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை. எழுதியது நான். இலக்கியம் படித்தவள் எழுதியது என்று முதல் வரியிலேயே தெரிகிறது. யாரும் இரண்டாம் வரிக்குப் போய்ப் பார்த்ததில்லை.

உண்மையான வேலை வாட்ஸ்அப் குழுவில் நடக்கிறது. வில்லியனூர், பாகூர் கொம்யூன் ஊர்களிலிருந்து குவைத், மஸ்கட், சிங்கப்பூர், பாரிஸ் போன பெண்கள். குழுவின் பெயர் 'கோலம்'. உரிமை, தொழிலாளர் என்றெல்லாம் பெயர் இருந்தால் முதலாளியம்மாக்கள் போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அவர்களே வைத்தது. ஒருத்தி கேட்பாள், இன்னொருத்தி குரலிலேயே பதில் சொல்வாள். நான் நடுவில் புகுந்து சட்டம் சொல்கிறேன். 'சரி மேடம்' என்று ஒரு கும்பிடு வரும்.

7 பிப்ரவரி

ஒதியம்பட்டிலிருந்து கலியம்மாள் என்று ஒரு அம்மா. பாரிசுக்கு ஊறுகாய் அனுப்ப வழி கேட்டு வந்தாள். மகள் புவனேஸ்வரி போன ஜூனில் போனவள். வயது இருபத்து மூன்று.

என்ன வேலை என்று கேட்டேன். அவள் முகம் சுருங்கியது.

"வேலைக்கிலாம் போவல மேடம். சொந்தக்காரங்க வூட்ல இருக்குது."

என்ன சொந்தம்? ஊரில் 'சொல்தா வீடு' என்கிறார்களே, அந்தக் குடும்பம். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் 'சொல்தா', சிப்பாய். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் அந்த நாட்டுக் குடிமக்கள். அவர்கள் கழனியில் கலியம்மாளின் மாமனார் காலத்திலிருந்து வேலை. பேத்தி ஆதிலட்சுமி பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று வந்தாள். விசாவுக்கு 'அக்கா மகள்' என்று எழுதிக் கூட்டிப்போனாள். அன்றிலிருந்து ஆதிலட்சுமி புவனாவுக்குச் சித்தி.

வாரத்தில் ஒரு நாளாவது லீவு உண்டா என்று கேட்டேன்.

"பெத்த பொண்ணுக்கு யார்னா லீவு குடுப்பாங்களா? பொண்ணு மாதிரி வச்சிக்கினு இருக்காங்க."

நம்பரை வாங்கி, அந்த அம்மாவின் சம்மதத்தோடு புவனாவைக் குழுவில் சேர்த்தேன். ஊறுகாய்க்கு எந்த கூரியர் என்று விசாரித்துச் சொன்னேன்.

11 பிப்ரவரி

புவனாவின் முதல் குரல். பின்னால் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம். வேண்டுமென்றே திறந்து வைத்திருக்கிறாள் போல.

"வணக்கம்க்கா. நான் இங்க வேலைக்கி வரல. எங்க சித்தி வூட்ல இருக்கேன்."

பிறகு தனியாக என்னிடம் கொஞ்சம் பேசினாள். சமையல், துணி, பாப்பா. பாப்பாவுக்கு ஆறு வயது. பாப்பாவின் கட்டிலுக்குக் கீழே படுக்கிறாள். காலையில் பள்ளிக்கூடத்தில் விடுகிறாள், சாயங்காலம் கூட்டி வருகிறாள். வேறு எங்கும் போவதில்லை. விசா எப்போதோ முடிந்துவிட்டது. பாஸ்போர்ட் சித்தியிடம். தனியாகத் தெருவில் சுற்றினால் போலீஸ் பிடித்து ஜெயிலில் போட்டுவிடும் என்று சித்தி சொல்லியிருக்கிறாள். அவள் நல்லதுக்காக.

ஆக, கதவுக்குப் பூட்டு இல்லை. ஒரு வாக்கியம்தான் இருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு முறை வெளியே போய் வருகிறவளை அது உள்ளேயே வைத்திருக்கிறது.

13 பிப்ரவரி

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் செங்கமலம் அத்தை இன்று வரவில்லை. அம்மா பாத்திரங்களைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். நான் மையத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

20 பிப்ரவரி

கலியம்மாளை வரவழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். விசா முடிந்தது, பாஸ்போர்ட் கையில் இல்லாதது, சம்பளம் என்ற பேச்சே இல்லாதது. இதற்கு அங்கே சட்டம் இருக்கிறது என்றேன். அவசரப்பட வேண்டாம், ஜோஸ்பினிடம் பேசிவிட்டு முடிவு செய்வோம் என்றேன்.

ஜோஸ்பின் வில்லியனூர்க்காரி. முப்பது வருடத்துக்கு முன் பாரிசில் இதே மாதிரி ஒரு வீட்டுக்குப் போனவள். இப்போது அங்கே ஆபீஸ்களைச் சுத்தம் செய்கிறாள். குழுவின் பாதி பதில்கள் அவளுடையவை, ரயில் இரைச்சலோடு வரும்.

கலியம்மாள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நான் சொன்னேனா? சொன்னேன் என்றுதான் நினைவு.

22 பிப்ரவரி

'புவனா வெளியேறினார்.'

திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி.

கலியம்மாளுக்குப் போன் போட்டேன். நிதானமாகத்தான் சொன்னாள். "கேட்டுட்டேன் மேடம். ஆதிலச்சுமிகிட்டயே கேட்டுட்டேன். பாஸ்போர்ட்டு உங்ககிட்டதான் இருக்குதாமே, பேப்பரு இன்னா ஆச்சினு. சொந்தம்ல? மொறயா அவங்களயே கேட்டுட்டா முடிஞ்சிபோச்சி. பின்னால பேசறதுதான் தப்பு."

முறை. அவள் செய்தது முறையான காரியம். 'யாரிடமும்' என்று நான் சொன்னபோது அவள் கணக்கில் ஆதிலட்சுமி அதில் வரவில்லை. வருவாளா? சொந்தம் 'யாரோ' ஆவாளா? இதை யோசிக்கத்தானே எனக்கு இந்த நாற்காலி—

1 மார்ச்

ஒன்றுமில்லை.

9 மார்ச்

இப்போதெல்லாம் ஆதிலட்சுமியின் போனிலிருந்துதான் அழைப்பு வருகிறதாம், ஸ்பீக்கரில். 'நல்லா இருக்கேன்மா, ஊறுகா வந்துச்சி.' அவ்வளவுதான். கலியம்மாள் என் எதிரில் உட்கார்ந்து இதைச் சொல்லிவிட்டு, தட்டியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"பேசறப்ப அதோட கொரலு சின்னதா வருது மேடம். ஜொரத்துல பேசற மாதிரி."

14 மார்ச்

தூங்க முடியவில்லை. இன்னாத்துக்கு நான் அந்தப் பொண்ண சேத்தேன்? போன்னு ஒன்னு கையில இருந்துச்சி, அதும் போச்சி. தகவல் கொடுக்கிறோம், தகவல் கொடுக்கிறோம் — யாருக்குக் கொடுத்தோம்? ஆதிலட்சுமிக்கு.

16 மார்ச்

செங்கமலம் அத்தை சாம்பல் போட்டுக் குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நீங்க எனக்கு எந்த வழியில் அத்தை என்று கேட்டேன்.

"உங்கம்மா கூப்ட சொன்னாங்க, நீ கூப்ட்ட." சிரித்தாள். "இன்னாடி திடீர்னு? சொத்து கித்து எழுதி வெக்கப் போறியா?"

அவளுடைய டம்ளர் கிணற்றடி மாடத்தில் இருக்கிறது. நான் பிறந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறது.

23 மார்ச்

ஜோஸ்பினோடு ஒரு மணி நேரம் பேச்சு. போலீசுக்குச் சொல்லலாம் என்றேன், தூதரகத்துக்கு எழுதலாம் என்றேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"போலீஸ் வந்து கதவத் தட்னா அந்தப் பொண்ணு இன்னா சொல்லும்? 'எங்க சித்தி'னு சொல்லும். அவங்க போய்டுவாங்க. அப்புறம் அதுக்கு ஸ்கூலுக்குப் போற வழி கூட இருக்காது. நானும் அப்டிதான் சொன்னேன், அந்த காலத்துல. 'எங்க அத்தை'னு."

பிறகு தன் யோசனையைச் சொன்னாள். மே மாதம் அவள் பேத்திக்குப் புதுநன்மை, சர்ச்சில் முதல் தடவை நற்கருணை வாங்கும் விசேஷம். சொந்தம் என்கிறார்கள் இல்லையா? சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போனால் கதவைச் சாத்த முடியாது. உட்கார வைத்துக் காப்பி கொடுக்க வேண்டும். காப்பியைப் புவனாதான் கொண்டுவருவாள்.

எனக்கு இது பிடிக்கவில்லை. ஒரு பொய்யை மறுபடி பொய்யாலேயே—

"பொய்யி இன்னாம்மா இருக்குது? எம் பேத்திக்கு நிஜமாவே புதுநன்மைதான்."

6 ஏப்ரல்

கலியம்மாள் மையத்திலிருந்தே ஆதிலட்சுமிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில். முதலில் வெயில், பிறகு அறுப்பு, பிறகு ஆதிலட்சுமியுடைய அம்மாவின் முட்டிவலி.

"அப்புறம் ஆதிலச்சுமி, நம்ம வில்லியனூரு ஜோஸ்பினு அங்கதான் இருக்குது. புதுநன்மைக்கிப் பத்திரிக வெக்க வரும்."

"யாரு அது? எனக்குத் தெரியாதே."

"எனக்குத் தங்கச்சி மாதிரிம்மா. புவனாவுக்கு நீ சித்தின்னா, அதும் ஒரு சித்தி."

"சரி, வரச்சொல்லுங்க."

போனை வைத்ததும் கலியம்மாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் இரண்டு டீ சொன்னேன். அவள் டீயைக் கடைசிவரை குடிக்கவில்லை.

27 ஏப்ரல்

ஜோஸ்பின் போய் வந்தாள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம். கிறிஸ்தவளாயிற்றே என்று ஆதிலட்சுமி ஒரு மாதிரி பார்த்தாளாம். இவள் குங்குமத்தை நீட்டிக்கொண்டே நின்றாளாம். காப்பி வந்தது. புவனா இளைத்திருக்கிறாள். கை தோல் உரிந்திருக்கிறது. தனியாக ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

எழும்போது ஜோஸ்பின் கேட்டிருக்கிறாள்: அக்கா மகளை விசேஷத்துக்கு அனுப்பி வையுங்கள். வாசலில் வைத்து, தட்டு கையில் இருக்கும்போது, இல்லையென்று சொல்ல ஆதிலட்சுமிக்கு வரவில்லை.

"அதுக்கென்ன, வரட்டும். பாப்பாவும் கூட வரட்டும்" என்றாளாம்.

கெட்டிக்காரி. பாப்பா கையைப் பிடித்துக்கொண்டு யாரும் ஓடிப்போக முடியாது.

11 மே

இன்று புதுநன்மை. இங்கே கத்திரி வெயில், தார் உருகுகிறது. போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரி ஜோஸ்பின் குரல். கோயில் பூசை முடிந்து வாடகைக் கூடத்தில் பிரியாணி. புவனாவை நம் குழுப் பெண்கள் நடுவில் உட்கார வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்டவர்களுக்காக அங்கே ஒரு சங்கம் உண்டு, அதன் வக்கீலம்மாவும் வந்திருந்தார். புகார் கொடுக்க வருகிறவளை ஜெயிலில் போடமாட்டார்கள் என்று அவர் சொல்ல, ஜோஸ்பின் தமிழில் சொன்னாள். புவனா திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றே ஒன்று: 'நெசமா புடிக்க மாட்டாங்களா?' பக்கத்தில் இருந்த மணப்பட்டுக்காரி தன் கார்த்தை — அங்கே தங்குவதற்கான அட்டையை — எடுத்துக் கையில் கொடுத்தாளாம். 'நானும் இப்டிதான் இருந்தேன். தோ பாரு.' புவனா அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

சாயங்காலம் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டாள்.

12 மே

ஏன் போனாள்? அவ்வளவு பேர் சுற்றி இருக்கும்போது. ஜோஸ்பினிடம் கொஞ்சம் கத்தினேன் என்றே நினைக்கிறேன்.

"தூங்கிட்ட கொழந்தய தோள்ல போட்டுக்கினு நிக்கிது. அத இன்னா பண்ண சொல்ற? நீ சொல்லு."



19 மே

ஒன்றுமில்லை. கலியம்மாளும் வரவில்லை.

28 மே

ஒதியம்பட்டு மேட்டுத் தெரு ஆள் ஒருவர் சொன்னார்: சொல்தா வீட்டுக்காரர்கள் இந்தப் போகத்துக் கழனி வேலைக்குக் கலியம்மாள் வீட்டு ஆட்களைக் கூப்பிடவில்லையாம். காரணம் யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

3 ஜூன்

மத்தியானம் கலியம்மாளை வரச்சொல்லி ஜோஸ்பினிடமிருந்து செய்தி. ஏன் என்று இல்லை. அவள் வந்து உட்கார்ந்தாள். மூன்று மணி வாக்கில் ஜோஸ்பின் நம்பரிலிருந்து ஒரு குரல் வந்தது. பேசியது புவனா. பின்னால் ரயில் இரைச்சல். குழாய்ச் சத்தம் இல்லை.

பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டாளாம். சாயங்காலம் அவங்க அம்மாதான் வந்து கூட்டிப்போகணும் என்று டீச்சரிடம் சொன்னாளாம். பாப்பா சொல்லிக் கொடுத்த பிரெஞ்சில், இரண்டு முறை, டீச்சர் தலையாட்டும் வரை. பிறகு ஸ்டேஷன் இருக்கும் பக்கம் நடந்தாள். போலீஸ் வண்டி ஒன்று கடந்து போனது. யாரும் இவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டேஷனில் ஜோஸ்பின் நின்றிருந்தாள்; விசேஷத்தன்று சொல்லியிருந்தபடி தினமும் காலையில் அங்கே நின்றாளாம். பாஸ்போர்ட் இன்னும் அந்த வீட்டில்தான். நாளைக்கு வக்கீலம்மா. ஜோஸ்பின் ஒரு புது நம்பர் வாங்கிக் கொடுத்திருந்தாள்.

குழுவில் சேர்த்தேன். புதிதாக வருகிறவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது வழக்கம். சொன்னாள்.

"வணக்கம்க்கா. எம் பேரு புவனேஸ்வரி. ஒதியம்பட்டு. இங்க ஒரு வூட்ல வேல செஞ்சேன்."

கலியம்மாள் இன்னொரு தரம் போடச் சொன்னாள். போட்டேன். 'வேல' என்ற இடத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் போன் அடித்தது. ஆதிலட்சுமியின் படம். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கிற படம். இன்னும் அங்கே பள்ளிக்கூடம் விட்டிருக்காது. மாலையில் அந்த வாசலில் யார் நிற்பார்கள், பாப்பா யாரைத் தேடும் — நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கலியம்மாள் என்ன நினைத்தாள் என்று தெரியாது.

அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அவள் போனைக் கையில் எடுத்தாள். பெயரைப் படிக்கத் தெரியாதவள், அந்த முகத்தை முழுதாக ஒருமுறை பார்த்தாள். பிறகு மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அது அதிர்ந்து நிற்கும் வரை.