பூக்களை எண்ண ஒரு சின்ன மடிக்கணினி

ஹாசன்பாட்,
ஜூலை 9, வியாழன்

அன்பு மகன் துவானுக்கு அம்மா எழுதுவது.

நான் நலம். இடது முழங்கால் மட்டும் மழைக்கு முந்தின நாள் எனக்குச் செய்தி சொல்லிவிடுகிறது, வானொலியை விட அது நம்பகமானது. நீயும் ஷானனும் சௌக்கியம் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், வேறு மாதிரி இருந்தால் நீயே முந்திக்கொண்டு எழுதியிருக்க வேண்டும். தோட்டத்தில் பீன்ஸ் கொடி கம்பைத் தாண்டிவிட்டது, பக்கத்து வீட்டுப் பூனை கல்யாணமாகாமலே மூன்று குட்டி போட்டிருக்கிறது, பாதிரியார் பிரசங்கத்தைப் பதினொரு நிமிடத்துக்குக் குறைத்துவிட்டார், ஊரே அவரை வாழ்த்துகிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். எந்த மடிக்கணினி வாங்கலாம் என்று நான் உன்னைக் கேட்டு மூன்று பக்கம் எழுதினேன். "ரெண்டுமே நல்லாத்தான் இருக்கும்மா, பிடிச்சத வாங்கிக்கோ" என்று நீ ஒரு வரி போட்டாய். பதினாறு வருடமாக வான்கூவரில் கணினிக் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவன் அம்மாவுக்கு எழுதுகிற பதிலா அது. பிடித்ததை வாங்க அது தொப்பியா. ஆகவே நானே படித்தேன், நானே குழம்பினேன், இப்போது நானே உனக்குச் சொல்லித்தரப் போகிறேன், கவனமாகப் படி.

முதலில் அது எதற்கு என்பதை நினைவில் வை, அங்கே போய் இத்தனை வருடமானதில் மறந்திருப்பாய். செப்டம்பர் முதல் ஞாயிறு பூத்தேர் ஊர்வலம். இருபது பேட்டை, இருபது தேர், நம் ஹாசன்பாட் தேருக்கு மட்டும் நாலு லட்சம் டேலியா பூ. மே மாதம் கிழங்கு நட்டால் நட்டதுதான், அதற்குப் பிறகு ஒரு செடியைக் கூட்ட முடியாது, எந்த நிறம் எத்தனை வரும் என்பதை வைத்துத்தான் தேருக்கு நிறம் முடிவாக வேண்டும். அந்தக் கணக்கு இருபத்திரண்டு வருடமாக என்னுடையது, கன்னியர் மடத்துப் பள்ளியில் சிஸ்டர் கற்றுக்கொடுத்த மாதிரி கட்டம் போட்ட தாளில், பென்சிலால், ஓரம் விட்டு. போன வருடம் அட்டையில் திமிங்கிலம் செய்து பூ ஒட்டினோம், வாயைத் திறந்துகொண்டு, சிவப்பு நாக்கு ஏழு மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு. ஊர்வலத்துக்கு முந்தின நாள் சிவப்பு தீர்ந்துபோயிற்று. நாக்கின் அடிப்பக்கம் முழுக்க வெறும் பழுப்பு அட்டை, தெருவில் நிற்கிறவர்கள் அண்ணாந்து பார்க்கிற இடம் அதுதான். போட்டியில் இருபதில் பத்தொன்பதாவது வந்தோம். எதிர்ப்பேட்டை மூரண்ட்காரர்கள் ரொட்டிக் கடையில் என்னைப் பார்த்தால் இன்னமும் "உங்க திமிங்கிலத்துக்கு நாக்குப் புண்ணு ஆறிடுச்சாம்மா" என்று விசாரிக்கிறார்கள். ஆலங்கட்டி மழையில் பூ அடிபட்டுப் போயிற்று என்று நான் சொன்னேன், யாரும் மறுத்துப் பேசவில்லை. ஆனால் குளிர்காலக் கூட்டத்தில் தலைவர் ஹாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இந்த வருடம் கணக்கு கணினியில் போடப்படட்டும், ஜூலை பதினைந்துக்குள் எண் கைக்கு வரட்டும், வராவிட்டால் பூப் பொறுப்பை வேறு ஒருவரிடம் கொடுக்கலாம் என்றார். மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார், அதனால்தான் இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பழைய மடிக்கணினியில் அந்தக் கணக்கை ஓடவிட்டால் காலைக் காப்பிக்கு ஆரம்பித்து மாலை உருளைக்கிழங்கு வேகும்போது நின்றுவிடுகிறது, முடிந்து நிற்பதில்லை, சும்மா நிற்கிறது. புதியது வேண்டும், சின்னதாக வேண்டும், ஏனென்றால் அது என் சைக்கிள் கூடையில் வயலுக்கும் வர வேண்டும், தேர் கட்டுகிற கொட்டகையில் சாரத்தின் மேலும் ஏற வேண்டும். சிக்கல் அங்கேதான். சின்ன உடம்புக்குள் சூடாகிற பொருள் இரண்டை வைத்தால் வெந்துபோகும். போன வருட மாடலில் படம் காட்டுவதற்கென்று தனியாக கிராஃபிக்ஸ் சிப் இருந்தது, கணக்குப் போடுகிற பிராசசர் சுமார். இந்த வருடம் அதே உடம்பில் பிராசசரை இரண்டு மடங்கு வேகமாக்கிவிட்டு, இடம் போதாமல் அந்தத் தனி சிப்பை எடுத்துவிட்டார்கள், படத்தையும் பிராசசரே ஒரு ஓரத்தில் பார்த்துக்கொள்ளுமாம். இரண்டுமே நன்றாக இருக்கும் என்று எழுதினாயே, இரண்டும் ஒன்றே இல்லை, பார்த்தாயா.

நம் ஊரில் கணினிக் கடை ஒன்றுதான், அது மரீனுஸுடையது, மரீனுஸ் மூரண்ட்காரன். தேர் பற்றி எதிர்ப்பேட்டைக்காரனிடம் ஒரு வார்த்தை விடக்கூடாது என்பது உனக்கு ஞானஸ்நானத்துக்கு முன்பே தெரியும். ஆகவே எதை எண்ணப்போகிறேன் என்று நான் அவனிடம் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை, என்னைப் பொய் சொல்ல வளர்க்கவில்லை. எதற்கும்மா என்று கேட்டான், என் மகன் கனடாவில் இருக்கிறான் என்றேன். அது உண்மை. அவன் முகம் கனிந்துவிட்டது. "அப்ப போட்டோ, வீடியோ, முகம் பாத்துப் பேசறது, அவ்வளவுதானே. புதுசு உங்களுக்கு வேணாம்மா, கணக்கு வழக்கு பண்றவங்களுக்குத்தான் அது. போன வருஷத்து மாடல எடுத்துக்கங்க, படம் கண்ணாடி மாதிரி இருக்கும், பையன் தாடியில நரைய எண்ணிரலாம்" என்றான். எந்த சிப் எதற்கு என்பது அப்போது எனக்கு முழுதாக விளங்கவில்லை, இருந்ததை எடுத்துவிட்டு அதற்குப் புதுசு என்று பெயர் வைப்பது எனக்கும் முன்னேற்றமாகத் தோன்றவில்லை, பழைய மாடலையே வாங்கிக்கொண்டு பெருமையாக வந்துவிட்டேன். உன்னைக் காரணம் காட்டியதால் தவறில் உனக்கும் ஒரு பங்கு உண்டு.

கொட்டகையில் லோனேகே அதைப் பார்த்துக் குழந்தை மாதிரி ஆகிவிட்டாள். லோனேகேயை உனக்குத் தெரியாது, பேருந்து ஓட்டுகிறவள், இந்த வருடத் தேரை வரைந்தவள் அவள்தான். என்ன உருவம் என்று உனக்கும் எழுத மாட்டேன், தபால் பல கை மாறும், இறகு உண்டு, கருஞ்சிவப்பு நிறைய வேண்டும், அவ்வளவு போதும். அவள் வரைந்ததைத் திரையில் விரலால் தள்ளினால் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி சுழல்கிறது, மேலே, கீழே, இடுக்குக்குள்ளே எல்லாம் தெரிகிறது. "அத்தை, இத சாரத்து மேல கொண்டுபோய்க் காட்டினா பூ ஒட்டற ஒருத்தரும் நெறத்த மாத்தி ஒட்ட மாட்டாங்க, போன வருஷம் காகிதத்தப் பாத்துட்டு பாதி பேரு தலைகீழா ஒட்டினாங்க" என்றாள். அதுவும் நியாயம்தான். ஆனால் எண்ணச் சொன்னபோது மேசை சுட்டது, மின்விசிறி ஊளையிட்டது, மூன்று மணி நேரத்தில் பேட்டரி செத்தது, கணக்கு கால்வாசி கூட ஆகவில்லை. தேர் முழுவதையும் சின்னச் சின்ன முக்கோணங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் எந்தப் பூ எத்தனை, எந்த வாரம் பறித்தது என்று ஆயிரம் விதமாக மாற்றிப் பார்க்கிற வேலை அது, அதற்குப் படம் காட்டுகிற சிப் ஒரு துரும்பைக்கூடத் தூக்கிப் போடாது. மாற்றி வாங்கலாம் என்றேன். லோனேகே முகம் சுண்டிப்போயிற்று. "சுத்திப் பாக்கறதுதான் அத்தை முக்கியம், எண்ணறதத்தான் நீங்க இருபது வருஷமாக் கையாலயே பண்றீங்களே, போன வருஷம் ஆலங்கட்டி பேஞ்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள். எனக்காகப் பரிந்து பேசினாள், பாவம்.

திங்கட்கிழமை கூட்டத்தில் இதைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. எல்லாரும் லோனேகே பக்கம், திரையில் சுழல்வதைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது. நான் எழுந்து நின்றேன். சுழற்றிப் பார்க்கக் களிமண்ணில் செய்த சின்ன மாதிரி மேசைமேலேயே இருக்கிறது, அதைக் கையால் திருப்பலாம், சாரத்தின் மேலும் தூக்கிக்கொண்டு போகலாம், அதற்கு மின்சாரமும் வேண்டாம், ஆனால் எண்ணுவதற்குக் கை போதாது, போன வருடம் என் கை போதவில்லை என்றேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை, துவான். நாக்கின் மேல்பக்கத்தைக் கணக்கில் எடுத்தேன், அடிப்பக்கத்தை விட்டுவிட்டேன், ஆலங்கட்டி காரணமில்லை, கூட்டலில் விட்டது நான்தான் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். உன் அப்பா இறந்த அன்றுகூட நான் மற்றவர் முன்னால் உட்கார்ந்தது கிடையாது, இந்தக் கூட்டத்தில் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். பிறகு ஹாரி காப்பிக் கோப்பையை என் பக்கம் நகர்த்திவிட்டு, "தெரியும் டிம்ஃப்னா, எல்லாருக்கும் தெரியும். ஆலங்கட்டி பேஞ்சது மூரண்ட் வயல்ல. நம்ம வயல்ல அன்னிக்கு வெயிலு, நான் சட்டையக் கழட்டிட்டுக் களை எடுத்துட்டு இருந்தேன்" என்றார். ஒரு வருடமாகத் தெரிந்துகொண்டே எல்லாரும் என் ஆலங்கட்டிக்குத் தலையாட்டியிருக்கிறார்கள். கோபப்படலாமா என்று யோசித்தேன், அதற்குள் லோனேகே சிரித்துவிட்டாள், நானும் சிரித்தேன். மாற்றுவது என்று முடிவாயிற்று.

வாங்கிய பதினான்கு நாளுக்குள் திருப்பித் தரலாம், ஆகவே செவ்வாய் காலையிலேயே மரீனுஸிடம் போய்ப் பெட்டியை வைத்து, புதிய மாடல் வேண்டும் என்றேன். அவன் காரணம் கேட்கவில்லை. "எண்ணறதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே இதக் குடுத்திருப்பேனேம்மா" என்றான். எதை எண்ண என்று நான் சொல்லவில்லையே என்றேன். "நானும் கேக்கலையே. கேட்டிருந்தா நீங்க சொல்லியிருக்க மாட்டீங்க, சொல்லியிருந்தா நான் மறந்தாகணும், எனக்கு ரெண்டு வேலை" என்று சொல்லிக்கொண்டே கட்டிக் கொடுத்தான். கதவு வரைக்கும் வந்து, குரலைத் தாழ்த்தி, "எங்க கொட்டகையிலயும் இதேதான் ஓடுது. இந்தத் தடவையாவது தேர முழுசாப் பூவால மூடிக்கிட்டு வாங்க, ஒட்டுப் போட்ட தேர ஜெயிச்சு எங்களுக்கு என்ன பெருமை வந்துரப் போகுது" என்றான். மூரண்டின் ரகசியம் ஒன்று இப்போது என் கையில் இருக்கிறது, ஹாரியிடம்கூட நான் சொல்லவில்லை.

நேற்று காலை உணவுக்குப் பிறகு கணக்கை ஓடவிட்டேன், இரண்டு மணி நேரம் கழித்து எண் வந்துவிட்டது, பேட்டரியில் பாதி மிச்சம். திரையில் படத்தைச் சுழற்றினால் மட்டும் கொஞ்சம் திக்குகிறது, என் முழங்கால் படியேறுகிற மாதிரி. கருஞ்சிவப்பு ஒன்பதாயிரத்து நானூறு குறைகிறது. ஜூலையில் தெரிந்த குறை, துவான். நேரே கொட்டகைக்குப் போய் எண்ணைச் சத்தமாகப் படித்தேன். லோனேகே களிமண் மாதிரியைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள், உள்மடிப்பு முழுவதையும் ஆரஞ்சில் போட்டுவிடலாம், நிழலில் அது தீ மாதிரி இருக்கும் என்றாள். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது, நான் சொல்வதற்குள் அவள் சொல்லிவிட்டாள். பிறகு, கணினி சொன்னதையும் என் தாளையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை கூட்டிப் பார்க்கட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் என் கணக்கில் இன்னொருவர் பென்சில் பட்டதில்லை. என் பென்சிலையே கொடுத்தேன். அவள் கூட்டி முடிக்கிற வரைக்கும் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டு நின்றேன், தேர்வு எழுதிவிட்டு நிற்கிறவள் மாதிரி. சரியாக இருந்தது. ஹாரி குறிப்பேட்டில் அடுத்த வருடப் பூப் பொறுப்புக்கும் என் பெயரையே எழுதிக்கொண்டார்.

வேறென்ன. முட்டை தினம் ஒன்றுக்கு மேல் வேண்டாம், ஷானன் செய்து தருவதைக் குறை சொல்லாமல் சாப்பிடு, உட்கார்ந்தே வேலை செய்கிறவன் மாலையில் ஒரு மைலாவது நட. ஆண்டவரும் நம் மாதாவும் உங்கள் இருவர் தலைமேலும் கைவைத்துக் காக்கட்டும், வீட்டில் வெளிச்சமும் வேலையில் அமைதியும் குறையாதிருக்கட்டும்.

இத்துடன் கணக்குத் தாளின் நகல் வைத்திருக்கிறேன், நிறங்களுக்குப் பதில் எழுத்துகள் போட்டிருக்கிறேன். பதினைந்துக்குள் உன் கையில் கிடைக்காது, கிடைத்தபோது பார். கடைசி வரியிலிருந்து மேலே போகாதே, மேலிருந்து கீழே வா, ஒவ்வொரு பக்கத்துக்கும் அடிப்பக்கம் இருக்கிறதா என்று பார். தவறு கண்ணில் பட்டால் உடனே எழுது, சுற்றி வளைக்காதே, நான் தாங்கிக்கொள்வேன்.

உன் அன்பு அம்மா
டிம்ஃப்னா