முழங்கை வரை கை

அன்பு அக்கா,

பச்சை ஜாக்கெட்டில் சிவப்பு நூல் நீட்டிக்கொண்டிருந்தால் நீ சும்மா விடமாட்டாய் என்று தெரியும். கைமடிப்பில் பெரிய தையலாகத்தான் போட்டேன். ஒரே இழுப்பில் பிரிந்து இந்தத் தாள் வந்திருக்கும். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

போனில் பேசினால் உன் மாமியார் ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். "அக்காளுக்கும் தங்கச்சிக்கும் அப்படியென்ன ரகசியம்? சத்தமாத்தான் பேசுங்களேன்" என்கிறார்.

உன் வீட்டிலிருந்து மாமா கொண்டுவந்து கொடுத்த இந்த ஜாக்கெட்டைப் பொங்கலுக்கு ஒரு முறை பிடித்துத் தைத்தேன். இப்போது மறுபடியும் பிடித்திருக்கிறேன். "புள்ள எளச்சு அழகாயிட்டா" என்று அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கையை முழங்கை வரை நீட்டச் சொல்லியிருந்தாய். சித்திரை வெயிலுக்குக் குட்டைக் கைதான் வேண்டும் என்று என்னோடு சண்டை போட்டவள் நீ. துணி ஒட்டுப் போட்ட இடம் தெரியாமல் இருக்க, மெஷினில் இலைப் பூத்தையல் ஓட்டியிருக்கிறேன். எதை மறைக்க என்று கேட்கமாட்டேன்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் வெள்ளைச் சட்டையை எடுத்துத் தேய்க்க வைத்தார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் மல்லசமுத்திரம் பஸ்ஸில் வருகிறோம். உனக்கு அங்கே இருக்க முடியவில்லை என்றால், எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து, "கை இறுக்குது சாமி, ஊட்டுக்கு வந்து அளவு குடுத்தாத்தான் ஆகும்" என்று மட்டும் சொல். மிச்சத்தை நான் பேசுகிறேன். மூன்று வருஷம் காலேஜில் வாய் திறக்காதவள்தான். இதை மட்டும் கண்ணாடி முன்னால் பேசிப் பழகிவிட்டேன்.

கை இறுக்காது அக்கா. காயத்தில் படாதபடி தளர்வாகத்தான் தைத்திருக்கிறேன். இருந்தாலும் இறுக்குகிறது என்றே சொல்லிவிடு.

உன் தங்கச்சி