லென்ஸைப் பார்க்கக் கூடாது

12 ஆகஸ்ட் 1973, ஞாயிறு. ராயபுரம்

மாதா கோயிலில் பூசை முடிந்ததும் வீட்டுக்கு வராமல் சௌக்கத் அலி கடைக்குப் போனேன். கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போகும் சாமான்களை வாங்கி வியாபாரம் செய்கிறவன். நான் ஹார்பரில் சரக்கு எண்ணும் குமாஸ்தா, பழக்கம் அங்கேதான். எனக்காக இரண்டு சினி கேமரா எடுத்து வைத்திருந்தான்.

ஒன்று சாவி கொடுத்து ஓட்டும் பழைய ரகம். உறுதியோ உறுதி. ஆனால் பாதிப் படம் ஓடியதும் நிழலில் வைத்துத் திறந்து சுருளைத் திருப்பிப் போட வேண்டும். மறதியில் மூன்றாவது தரமும் ஓட்டிவிட்டால் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எல்லாம் பாழ். மற்றது பேட்டரியில் ஓடும் சூப்பர் எட்டு. சுருள் அடைத்த ஒரு டப்பாவைச் செருகினால் போதும்.

"ஒனக்கு டப்பாதான் மாமு லாயக்கு. பயமில்லாம அமுக்கலாம்," என்றான் சௌக்கத்.

முடிவெடுக்காமல் திரும்பினேன் என்று எழுத வந்தேன். பொய். கடையிலேயே முடிவெடுத்தாயிற்று.

15 ஆகஸ்ட்

டப்பா ரகமே வாங்கினேன். டோரதி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கூர ஒழுவுது, தொரைக்கு சினிமா கேக்குது," என்று பானையிடம் சொன்னாள். என் மனைவி என்னிடம் கோபித்தால் பானையோடுதான் பேசுவாள்.

26 ஆகஸ்ட்

கேமராவோடு வந்த சின்னப் புத்தகத்தை மூன்று தரம் படித்துவிட்டேன். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். கையை ஆட்டாதே. முக்கியமானது: எடுக்கப்படுகிறவர் லென்ஸைப் பார்க்கக் கூடாது, பார்த்த பகுதியைத் தயங்காமல் வெட்டிவிடு. அடிக்கோடு போட்டு வைத்தேன். ஹார்பரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

9 செப்டம்பர், ஞாயிறு

குப்பத்து ஜேக்கப் வாங்கிய புது மீன்பிடி லாஞ்சுக்கு மந்திரிப்பு. தங்கை பிலோமியின் புருஷன் பாஸ்கல் இனி அதில்தான் கடலுக்குப் போகிறான். சாமியார் தீர்த்தம் தெளித்தார், கொடி கட்டினார்கள், ஆண்கள் கயிறு பிடித்து இழுத்தார்கள். எல்லாம் அழகாக அமைந்தது, பாஸ்கல் ஒருவனைத் தவிர. எந்தப் பக்கம் போய் நின்றாலும் திரும்பி நேரே என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறான். கையை வேறு ஆட்டுகிறான். "யோவ், இங்க பாக்காதய்யா!" என்று கத்தியே தொண்டை போயிற்று. மொத்தமே மூன்றேகால் நிமிஷப் படம். அதில் பாதி அவன் சிரிப்புக்கே செலவாகியிருக்கும்.

5 அக்டோபர்

பம்பாயிலிருந்து படம் கழுவி வந்துவிட்டது. இதற்கு நெகட்டிவ் கிடையாது. இந்த ஒரு சுருள்தான்.

7 அக்டோபர், ஞாயிறு

வெட்டி ஒட்டும் கருவியில் பசை ரகம், டேப் ரகம் என்று இரண்டு உண்டு. பசை உறுதி, ஆனால் காயக் காத்திருக்க வேண்டும். எனக்கு ஏது பொறுமை? டேப் வாங்கினேன். ஒவ்வொரு படமும் துவரம்பருப்பு அளவு. பூதக்கண்ணாடியும் கையுமாக நாள் முழுக்க உட்கார்ந்து, லென்ஸைப் பார்த்த துண்டையெல்லாம் தரையில் தள்ளினேன். பாஸ்கல் முகம் மட்டும் ஒன்பது துண்டு. ஒவ்வொன்றையும் நறுக்கும்போது எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகவே இருந்தது.

பெருக்க வந்த டோரதி, "இத்தெல்லாம் வேணுமா?" என்றாள்.

"குப்பை," என்றேன்.

14 அக்டோபர், ஞாயிறு

சௌக்கத்திடம் புரொஜக்டர் இரவல் வாங்கி, கோயில் ஹாலில் காட்டினேன். ஒரே கைதட்டல். பாஸ்கல் எழுந்து நின்று, "இன்னா மச்சான், என் முதுவு மட்டும் நடிக்குது? மூஞ்சி எங்க?" என்று கேட்க, ஹாலே சிரித்தது. லென்ஸைப் பார்ப்பவனுக்குப் படத்தில் இடமில்லை என்றேன். அதற்கும் சிரித்தார்கள். பிலோமி மட்டும் சிரிக்கவில்லை.

20 நவம்பர்

நேற்றிலிருந்து பேய்க்காற்று. ஜேக்கப்பின் லாஞ்சு திரும்பவில்லை. பாஸ்கலோடு சேர்த்து ஐந்து பேர்.

21 நவம்பர்

இல்லை.

24 நவம்பர்

எண்ணூரில் முகத்துவாரக்குப்பம் பக்கம் பலகைகள் ஒதுங்கின. பிறகு நான்கு உடல்கள். நான்தான் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு துணியாக விலக்கினார்கள். பாஸ்கல் இல்லை. பிலோமியிடம் வந்து என்னவென்று சொல்வது? கிடைத்தான் என்றா, கிடைக்கவில்லை என்றா? எது நல்ல சேதி?

2 டிசம்பர், ஞாயிறு

பிலோமி வந்தாள். உடல் இல்லாததால் முப்பதாம் நாள் பூசையில், சவப்பெட்டி வைக்கிற இடத்தில் போட்டோ வைக்கலாம் என்று சாமியார் சொன்னாராம். அவர்களுடைய கல்யாணப் போட்டோ போன கோடையில் குடிசை எரிந்தபோதே போய்விட்டது. வேறு போட்டோ கிடையாது.

"மத்தவங்களுக்கு குழியாச்சும் கீது. ஒன் படத்துலருந்து ஒண்ணே ஒண்ணு எட்த்துக் குடுண்ணே."

சரி என்றேன். சரின்னு எந்த வாயால சொன்னேன்?

3 டிசம்பர்

டோரதியிடம் கேட்டேன். "நீதான குப்பைன்னு சொன்ன? அன்னிக்கே தெருத்தொட்டில கொட்டிட்டேன்யா," என்றாள். இந்த முறை பானையிடம் பேசவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அழுதாள். எட்டு வாரம் ஆகிவிட்டது என்று தெரியும். தெரிந்தும் தொட்டியண்டை போய்க் கிளறிக்கொண்டு நின்றேன்.

6 டிசம்பர்

ஸ்டுடியோ பொன்னுரங்கம் மிச்சமிருக்கும் சுருள் முழுவதையும் கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"காதும் கழுத்தும்தான் கீது சார். இத்த வெச்சிகினு நான் இன்னா பண்றது?"

11 டிசம்பர்

பிலோமியிடம் இன்னும் சொல்லவில்லை. கோழை.

18 டிசம்பர்

முப்பதாம் நாள். போட்டோ சரியாக வரவில்லை என்று மட்டும் நேற்றே சொல்லி அனுப்பியிருந்தேன். அவள் பாஸ்கலின் சட்டையை மடித்து அந்த இடத்தில் வைத்தாள்.

பூசை முடிந்து நேரே இங்கே வந்தாள். "படத்த காட்டு," என்றாள். பட்டப்பகல். ஜன்னலில் போர்வை கட்டி, கதவைச் சாத்தி ஓட்டினேன். சாமியார், கொடி, கயிறு இழுக்கும் ஆட்கள். பாஸ்கலின் முதுகு. மறுபடி முதுகு. முடிந்து, சுவரில் வெறும் வெள்ளை வெளிச்சம் நின்றது.

அப்போதுதான் சொன்னேன். "ஒம்போது எடத்துல மூஞ்சி இருந்துச்சி பிலோமி. நல்லா சிரிச்சிகினு இருந்தான். கேமராவயே பாத்தான்னு நான்தான் வெட்டிப் போட்டேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் சுவரைப் பார்த்தபடியே இருந்தாள்.

"கேமராவ எங்கண்ணே பாத்துச்சி அது? நீ போன பக்கமெல்லாம் ஒன் பின்னாலதான நான் நின்னுகினு இருந்தேன்."

பிறகு, இன்னொரு தரம் ஓட்டச் சொன்னாள். ஓட்டினேன்.