ரெண்டு ஓட்டைத் துணி

மார்ச் 3

ஆற்றுப் பாலம் இடிந்து விழுந்த வருஷம் அது. பஸ்காரர்கள் நாற்பது நாள் ஸ்டிரைக் செய்ததும், என் மூத்தவன் பிறந்ததும் அதே வருஷம். கல்லூரியில் கணக்குச் சொல்லித்தரும் சாரும் டீச்சரும் என் தையல் கடைக்கு வந்தார்கள். துணியில் ஒரு பந்து, ஒரு டயர் டியூப், ரெண்டு ஓட்டை வைத்த ஒன்று வேண்டும் என்றார்கள். யார் போட்டுக்கொள்ள என்று கேட்டேன். டீச்சர் சிரித்தார்.

நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது. ஞாபகம்தான் போய்த் தொலையமாட்டேன் என்கிறது.

இன்று கல்லூரி ஆள் வந்தான். அந்தத் துணிகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, செத்துப்போன சார் பேரைப் போடப் போகிறார்களாம். அதை வைத்துப் புதுக் கணக்கு கண்டுபிடித்தது சார்தானே என்று கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 4

முதுகு வலி. பேசப் பிடிக்கவில்லை.

மார்ச் 6

தட்டைத் துணி உருண்டையாக வேண்டுமென்றால் ஆப்பு ஆப்பாக வெட்டி எடுத்து மூட்ட வேண்டும். சார் ஒவ்வொரு ஆப்பின் கோணத்தையும் அளந்தார், அளந்துகொண்டே இருந்தார். டீச்சர்தான் வெட்டியதை நுனியோடு நுனி சேர்த்து மேஜையில் அடுக்கினார். பந்துக்கு எப்படி வெட்டினாலும் ரெண்டு முழு வட்டம். டியூபுக்கு, வெளியே வெட்டியதும் உள்ளே ஒட்டுப் போட்டதும் சரிக்குச் சரி. ரெண்டு ஓட்டைக்கு, பந்தில் எடுத்தது அத்தனையும் கூடுதலாக வைக்கணும்.

"நீங்க எப்படி வெட்டுனாலும் சரி டெய்லரே, ஓட்டையை எண்ணுனா போதும்" என்றார் டீச்சர்.

அது பழைய கணக்குதானாம். அங்கிருந்து எண்கணக்குக்கு டீச்சர் ஒரு வழி போட்டார் பாருங்கள், என் சாக்கட்டியால், என் மேஜையில் — அதுதான் புதுசு. சொன்னது டீச்சர். அச்சில் வந்தது சார் பேர்.

மார்ச் 7

அப்போதே கல்லூரிப் பெரியவர்கள் மூன்று பேர் என்னைக் கூப்பிட்டு, அந்தக் கணக்கைச் சொன்னது யார் என்று கேட்டார்கள். நான் கைநாட்டுங்க, எனக்கென்ன தெரியும் என்றேன். கல்லூரிப் பிள்ளைகளின் முந்நூறு சட்டை ஆர்டர் சார் கையில் இருந்தது. கைநாட்டு என்றால் காது கேட்காதா? எதிரே உட்கார்ந்திருந்த டீச்சர் என்னையே பார்த்தார். அந்த மாசமே வேலையை விட்டுப் போனார்.

மருமகள் பேனாவைக் கீழே வைத்தாள். "இதையும் எழுதணுமா மாமா?"

எழுதும்மா.

மார்ச் 9

டீச்சர் வீட்டுக்குப் போனோம். மூணாவது மாடி. நாலு தடவை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன். இப்ப எதுக்கு என்றார். டீ கொடுத்தார். கிளம்பும்போதுதான் சொன்னார்:

"அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இன்னும் நாலு கணக்கு போட்டிருப்பேன், டெய்லரே."

படி இறங்கும்போது மருமகள் என் கையை விடவில்லை.

மார்ச் 12

சொன்னது டீச்சர்தான் என்று மருமகள் எழுதிய கடிதத்தில் விரல் வைத்தேன். இதற்கு வேறு யார் சாட்சி என்று கேட்டான் கல்லூரி ஆள். விசாரித்த மூன்று பேரும் போய்ச் சேர்ந்தாச்சு. கடையில் காஜா எடுத்த என் தம்பியும் போயாச்சு. சாரும் இல்லை. இருப்பது டீச்சர் ஒருத்தர்தான். தன் கணக்குக்குத் தானே சொல்லும் சாட்சி செல்லாதாம்.